2ஜி கதவு திறந்தே கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் 5ஜி வேகத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதுகாப்பு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது. நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேங்க் பெயரில் வந்த மெசேஜைக் காட்டி, "இது நிஜமா தம்பி?" என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள்.

2ஜியில் சிம் கார்டுதான் தன்னை யாரென்று டவரிடம் நிரூபிக்க வேண்டும். டவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. 1990களிலிருந்து இருக்கும் ஓட்டை இது. காரில் வைக்கக்கூடிய ஒரு போலி டவர் போதும். பக்கத்தில் இருக்கும் போன்களை 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறக்கி, எந்தப் பெயரில் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பிவிடலாம். அது செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக வருவதே இல்லை என்பதால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த, மெசேஜ் அனுப்பும் நிறுவனங்களுக்கான பதிவு முறை, ஸ்பேம் தடுப்பு எதன் கண்ணிலும் படாது. 2025 மார்ச்சில் லண்டனில் ஒருவர் இப்படி நாள்கணக்கில் காரில் சுற்றிப் பிடிபட்டார். ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

சரி, 5ஜிதான் வந்துவிட்டதே என்று நினைக்கலாம். போலி டவர் நம்மை அடையாளம் காணாதபடி, சிம்மின் நிரந்தர அடையாள எண்ணை மறைத்து அனுப்பும் வசதி 5ஜியில் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதற்குத் தனி 5ஜி கோர், அதாவது நெட்வொர்க்கின் மையப் பகுதி, வேண்டும், நிறுவனமும் அந்த வசதியை இயக்க வேண்டும். 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஜியோ தனி கோருடன் தொடங்கியது. ஏர்டெல் 4ஜி கோரின் மேலேயே தொடங்கியது. போன் திரையில் இரண்டுக்கும் ஒரே 5ஜி அடையாளம்தான். சிம்மின் அடையாள எண் மறைக்கப்படுகிறதா இல்லையா என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

2ஜியை உடனே மூடச் சொல்லவில்லை. என் கடைக்கு வரும் பெரியவர்கள் பலர் கையில் பட்டன் போன்தான் இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 12 முதல் பல ஸ்மார்ட்போன்களில் சிம் செட்டிங்ஸிலேயே 2ஜியை அணைத்துவிடலாம். அணைத்தாலும் அவசர அழைப்பு போகும். ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் இழப்பும் இல்லை. மற்ற சிம் வைத்திருப்பவர்கள் 4ஜியில் கால் பேச முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை எப்படி அணைப்பது என்று படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர், தென்காசி