நினைவேட்டைத் தொடங்க முடியாதவர்களின் சார்பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பப் புகைப்படங்களையும் கடிதங்களையும் தொகுத்து நினைவேடு தயாரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதனுடன் அச்சாகியிருந்த பக்கங்கள் கண்ணைப் பறித்தன. ஒவ்வொன்றிலும் படங்கள் சீராக வெட்டப்பட்டு, ஓரங்களில் வண்ணத் தாள்கள் ஒட்டப்பட்டு, அழகான கையெழுத்தில் தேதிகள் எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்தக் கட்டுரை முழுவதும் செய்து முடிக்கப்பட்ட ஏடுகளைப் பற்றியது. ஏட்டை வாங்கி வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் ஒரு படத்தைக்கூட ஒட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவிப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான்கு ஆண்டுகள் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள் என்ற முறையில், அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பெற்றோர் காலத்துக் கருப்பு வெள்ளைப் படங்கள், இன்னொன்றில் நானும் தம்பியும் வளர்ந்த நாள்களின் வண்ணப் படங்கள், மூன்றாவதில் கடிதங்கள், பயணச் சீட்டுகள், வாழ்த்து அட்டைகள், செய்தித்தாள் நறுக்குகள் என்று எதிலும் சேராதவை. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடிவுசெய்த அன்றே, தடித்த தாள்களைக் கொண்ட பெரிய ஏடு ஒன்றும், கத்தரிக்கோல், பசை, அலங்கார நாடாக்கள், பல வண்ணப் பேனாக்கள் ஆகியவையும் வாங்கி வந்தேன். அவ்வளவுதான். அதன் பிறகு விடுமுறை வரும்போதெல்லாம் பெட்டிகளை இறக்குவேன்; படங்களைத் தரையில் பரப்புவேன்; எதை முதலில் வைப்பது என்று யோசிப்பேன்; மாலையானதும் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டு மூடுவேன். வீட்டில் இருப்பவர்கள் சோம்பல் என்றார்கள். நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டேன். இரண்டுமே உண்மையில்லை என்பது மிகத் தாமதமாகவே எனக்குப் புரிந்தது.

ஏடு என்றால் தொடக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் என் கையைப் பெரிதும் கட்டிப்போட்டிருந்தது. தாத்தா பாட்டி, பிறகு பெற்றோர், பிறகு நாங்கள் என்று காலவரிசையில் போக வேண்டுமென்றால், முதல் பக்கத்தை ஒட்டுவதற்கு முன்பே மூன்று பெட்டிகளில் உள்ள அனைத்தும் வரிசைப்பட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ எண்ணூறு படங்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் தேதி இல்லை. ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தவள் எண்ணூறு படங்களின் முன்னால் மலைத்துப்போய் எழுந்துவிடுவேன். தாள்கள் தைக்கப்பட்ட ஏட்டை வாங்கியதும் தவறாயிற்று. இடையில் ஒரு தாளைச் சேர்க்க வழியில்லாத ஏட்டில், வரிசை தப்பிவிடுமோ என்ற கவலை ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வரும். தாள்களைக் கழற்றவும் சேர்க்கவும் முடிகிற வளையக் கோப்பு ஒன்றை வாங்கியிருந்தால், எந்தப் பக்கத்தையும் எந்த நாளிலும் செய்திருக்கலாம்.

கெடுத்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. பசை பூசிய அட்டைமேல் படத்தை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடும் வகை ஆல்பம் 1970களிலும் 80களிலும் பரவலாக விற்பனையானது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அந்தப் பசை நாளடைவில் பழுப்பேறி இறுகிவிடும். அதிலிருந்து தம்பியின் சிறுவயதுப் படம் ஒன்றை எடுப்பதற்காக நகத்தால் நெம்பினேன். படத்தின் கீழ்ப்பகுதி கிழிந்து, அவன் கால் செருப்பும் அவன் நின்றிருந்த படிக்கட்டும் அட்டையிலேயே தங்கிவிட்டன; சுரண்டிப் பார்த்தபோது அவையும் தூளாகிப் போயின. மீதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே செலுத்தி, அறுப்பதுபோல் மெதுவாக இழுத்துப் பிரிக்க வேண்டும் என்பதையும், அதற்கும் வராத படத்தை வற்புறுத்தாமல் இருந்த இடத்திலேயே நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பின்னரே அறிந்தேன். அதற்குப் பிறகு ஓராண்டு நான் பெட்டிகளைத் தொடவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பொருள்கள் வாங்குவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. புதிய நாடா ஒன்றை வாங்கும்போது வேலையில் ஓரடி முன்னேறியதுபோலவே மனத்துக்குத் தோன்றும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசப்பட்டு, நனைத்தாலே ஒட்டிக்கொள்ளும் ஏடு ஒன்றுக்கு 1873ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பசைக்கிண்ணத்தோடு மல்லுக்கட்டும் தொல்லை அதனால் தீர்ந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பொருள்களும் ஒட்டும் வேலையையும் அலங்கரிக்கும் வேலையையும் இன்னும் எளிதாக்கத்தான் வந்திருக்கின்றன. ஒட்டுவது எனக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. எதை வைப்பது, எதை விடுவது, அருகில் என்ன எழுதுவது என்ற இடத்தில்தான் கை நின்றது.

இனி எழுதப்போவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் கட்டுரையில் விடுபட்டவற்றுள் இதுவே முதன்மையானது என்று கருதுவதால் எழுதுகிறேன். இரண்டாவது பெட்டியில் பாதிக்கு மேல் என் தம்பியின் படங்கள். அவன் இருபத்தாறு வயதில் இறந்துபோனான். மூடியைத் திறந்தால் நான்காவது, ஐந்தாவது படத்திலேயே அவன் வந்துவிடுவான். காலவரிசையில் ஏடு தயாரித்தால், ஏதோ ஒரு பக்கத்துக்குப் பிறகு அவன் எந்தப் படத்திலும் இருக்கமாட்டான் என்பதும், அந்தப் பக்கத்தை நானே என் கையால் செய்து அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நேரமில்லை என்று நான் சொல்லிவந்ததன் பொருள் இதுதான். தொடங்கத் தவிக்கும் இன்னும் பலருடைய பெட்டியிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். இறந்தவராகவோ, பிரிந்துபோனவராகவோ, பேச்சு நின்றுபோன உறவாகவோ இருக்கலாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்ற கட்டுரையின் ஆலோசனை, நேரத்தால் தடைப்பட்டவர்களுக்கு உதவும். மூடியைத் திறக்கவே அஞ்சுகிறவர்களுக்கு உதவாது.

எனக்கு வழி திறந்தது தற்செயலாகத்தான். சென்ற ஆண்டு என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை தெளிந்ததும் பழைய படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். கருப்பு வெள்ளைப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். உள்ளங்கையில் பாதி அளவே இருக்கும் ஒரு படம், ஓரங்கள் அலையலையாக வெட்டப்பட்டது. மூன்று பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்புறத்தில் "நாங்கள் மூவரும்" என்று மட்டும் மையால் எழுதியிருந்தது. அம்மா விரலை வைத்து, இது என் அம்மா, இது என் சித்தி, இது என்று சொல்லி மூன்றாமவரிடம் நின்றார். பாட்டியோடு ஒரே பள்ளியில் ஆசிரியையாக இருந்தவராம். முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் எடுத்துக்கொண்ட படமாம். அசையக் கூடாது என்று படம் எடுத்தவர் பலமுறை சொல்லியும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிவிட்டதால்தான் அவர் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறதாம். இவ்வளவும் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று அந்தப் பெயரைச் சொன்னார். நான் எழுந்துபோய்ப் பென்சிலை எடுத்துவந்து எழுதிக்கொண்டேன். படத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் அம்மா ஒருவர்தான் என்பது எழுதி முடித்த பிறகே எனக்கு உறைத்தது.

அன்று நான் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ஆனாலும் நான்கு ஆண்டுகளாகத் தொடங்காத வேலை அன்று தொடங்கிவிட்டது. தாளும் பசையும் பத்து ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பது ஒரே ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், எந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் மிகவும் முதியவரோ அந்தப் படத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே. அது ஏட்டின் நாற்பதாம் பக்கத்தில் வர வேண்டிய படமாக இருந்தாலும் இருக்கட்டும். படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் ஓர் எண்ணை இடுங்கள். ஒரு குறிப்பேட்டில் அதே எண்ணை எழுதி, இடமிருந்து வலமாகப் பெயர்கள், இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, சொன்னவர் யார் என்பவற்றையும், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே இரண்டு மூன்று வரிகளாகவும் குறித்து வையுங்கள். பிற்கால வண்ணப் படங்களின் வழவழப்பான பின்புறத்தில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் பேனாவோ அழுத்தம் முன்பக்கம் தெரியும்படி செய்துவிடும். அவற்றை ஒவ்வொரு காகித உறையில் இட்டு, இடுவதற்கு முன்பே உறையின்மேல் எண்ணை எழுதிவிடலாம். பேசுபவர் சம்மதித்தால் கைப்பேசியில் குரலையும் பதிந்துகொள்ளலாம்.

ஒட்டும் வேலை காத்திருக்கலாம் என்று சொல்லும்போது, காத்திருந்தால் கெட்டுப்போகும் சிலவற்றையும் குறிப்பிட வேண்டும். வெப்பத்தால் அச்சாகும் ரசீதுகளும் பயணச் சீட்டுகளும் சில ஆண்டுகளிலேயே வெற்றுத் தாளாகிவிடும் என்பதால், அவற்றை உடனே நகலெடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் நறுக்கு மரக்கூழில் செய்த தாள். அது தானும் பழுப்பேறி, தன்னிடமுள்ள அமிலத்தால் பக்கத்தில் இருக்கும் படத்தையும் தாளையும் கறைப்படுத்தும். பழைய வண்ணப் படங்களின் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் மெல்ல வெளிறிக்கொண்டே இருக்கும். அச்சிடும்போதே முறையாகக் கழுவப்பட்ட கருப்பு வெள்ளைப் படங்கள் அவற்றைவிட நீண்ட காலம் தாங்கும். உறைகள் வாங்கும்போது பிவிசி என்ற பிளாஸ்டிக்கைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. அமிலமற்றது என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. ஒரு தாளோ பசையோ புகைப்படத்தை வெளிறச் செய்யுமா, கறைப்படுத்துமா என்று சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18916 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் நான்கு முனைகளைச் செருகும் சிறிய தாள் மூலைகளைப் பயன்படுத்தினால் படத்தின்மேல் பசையே படாது. பிடிக்காவிட்டால் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம். கெடுத்துவிடுவோமோ என்ற என் பயத்தைத் தீர்த்துவைத்தது இந்தச் சிறிய பொருள்தான். கைப்பேசியில் குவிந்திருக்கும் படங்களில் தேதி தானாகவே பதிந்திருக்கும். இரண்டு வேறு இடங்களில் நகல் இருந்தால் அவை பொறுத்திருக்கும்.

கருப்பு வெள்ளைப் பெட்டி முடிந்த பிறகு, நான் கேட்காமலேயே அம்மா இரண்டாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிழிந்த படம் அவர் கையில் வந்தபோது, அடிப்பகுதி என்ன ஆயிற்று என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்தச் செருப்பு அவனுடையது இல்லை, அப்பாவுடையது என்றார். ஐந்து வயதில், தன் காலைவிட இரண்டு மடங்கு பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, கழற்றினால்தான் படம் எடுப்போம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அப்படியே நின்றானாம். படம் முழுதாக இருந்தவரை நான் அந்தச் செருப்பை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதி, மூலைகளில் செருகிய அந்தப் படத்துக்குக் கீழே, கிழிந்துபோன இடத்திலேயே வைத்தேன். நான் செய்த முதல் பக்கம் அதுதான். பிறகு வாங்கிய வளையக் கோப்பில் அது எத்தனையாவது தாளாக வரும் என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

இப்போது கோப்பில் பதினேழு தாள்கள் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த தைத்த ஏட்டை எண்களும் பெயர்களும் எழுதும் குறிப்பேடாக்கிக்கொண்டேன். அது முக்கால்வாசி நிறைந்துவிட்டது. இந்தப் பொருள் குறித்துத் தங்கள் இணைப்பில் மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, முடிந்த ஏடுகளின் வண்ணப் பக்கங்களோடு, பின்புறத்தில் பெயர் எழுதப்படாத ஒரு பழைய படத்தையும், அதை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அரைப் பக்கமாவது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி