காதில் போட்டதும் சொன்னதும்

இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. நைட் டூட்டி முடிந்து வந்தால் சூடான சோறும் அதுவும்தான்.

போன வாரம் வார்டில் நடந்த ஒன்றை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். பள்ளியில் இங்கிலீஷ் நடத்திய உங்களுக்குத்தான் அது முழுசாகப் புரியும்.

ஆறாம் படுக்கையில் ஒரு தாத்தா. அவருக்குப் போட்டிருந்த கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயின் பையில் மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். விடியற்காலை 3 மணிக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து 25தான். டாக்டர் வேறு வார்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். வராந்தாவிலேயே மறித்து, "ஆறாம் படுக்கைக்கு யூரின் கொஞ்சம் குறைவு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நான் நம்ம ஊர்ப் பழக்கத்தில் டாக்டருக்குத் தெரிவித்தாயிற்று என்ற பொருளில் நோட்ஸில் 'டாக்டர் இன்டிமேட்டட்' என்று எழுதிவைத்தேன். 5 மணி வரை யாரும் வரவில்லை. பொறுப்பு நர்ஸ் நோட்ஸைப் படித்தார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "டாக்டர் உனக்கு எதைச் சூசகமாகச் சொன்னார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நடந்ததைச் சொன்னதும் உடனே போனை எடுத்தார். டிரிப் ஏறியது. தாத்தா தேறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். 'இன்டிமேட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குத் தெரியப்படுத்து என்றுதான் பொருள். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் முறையாக அறிவிப்பதையே அது குறித்தது. நம் ஆபீஸ் கடிதங்கள் அந்தப் பொருளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கின்றன, ஸ்காட்லாந்துக்காரர்களும்தான். இங்கே பொதுவாக அது குறிப்பால் உணர்த்துவது ஆகிவிட்டது. நீங்கள் கற்றுக்கொடுத்தது தப்பில்லை அப்பா.

ஆனால் என் தப்பு எழுதிய சொல்லில் மட்டும் இல்லை. வராந்தாவில் நான் செய்தது 'மென்ஷன்', போகிற போக்கில் காதில் போட்டு வைப்பது. 'இன்ஃபார்ம்' என்றால் தகவல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 'எஸ்கலேட்' அதற்கும் மேலே. மேல்நிலையில் இருப்பவர்களிடம் கொண்டுபோய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று பதில் வாங்கும்வரை விடக்கூடாது. இங்கே நோயாளிகளின் நிலை எவ்வளவு மோசம் என்று பார்க்க 'நியூஸ் 2' என்று ஒரு மதிப்பெண் போடுகிறோம். 5 வந்தால் உடனே டாக்டரை வரவழைக்க வேண்டும், 7 என்றால் அவசரக் குழு. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. சிறுநீர் இல்லை. அதனால் அன்று ராத்திரி தாத்தாவுக்காக எந்த எண்ணும் பேசவில்லை. நான்தான் பேசியிருக்க வேண்டும்.

'டிஸ்க்ளோஸ்' வேறு மாதிரி. மூடியிருப்பதைத் திறப்பது. நோயாளி சம்மதிக்காமல் அவருடைய நோயைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படித் திறக்கக்கூடாது. ஆனால் சிகிச்சையில் பிசகி அவருக்குப் பெரிய கெடுதல் வந்துவிட்டால், மறைக்கவும் கூடாது. 2014 முதல் இங்கிலாந்தில் அது சட்டம். முதலில் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம் எழுத்திலும் கொடுக்க வேண்டும். ஊரில் எத்தனை வீட்டு ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றும் தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்! இதைப் படித்த அன்று அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம், அம்மாவின் சர்க்கரை பற்றிக் கேட்டால் நீங்கள் "கொஞ்சம் கூடியிருக்கு, பார்த்துக்கலாம்" என்கிறீர்கள். அப்படி வேண்டாம் அப்பா. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, எந்தத் தேதியில் பார்த்தது, எல்லாவற்றையும் எண்ணாகவே சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வியாழக்கிழமை எனக்கு லீவு, கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
மீனா