குடியாத்தத்துக்கு ஒரு கடிதம்: தொட்டியில் எத்தனை மீன்?

காட்பாடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு 2 அடி மீன் தொட்டி வாங்கிய சேதி கேட்டு மனசு நிறைந்தது. கடைக்காரர் இருபது மீன் விடலாம் என்றாராம். அவசரப்பட்டு விட்டுவிடாதே. நம் ஊர் வெயிலுக்கு அது அதிகம்.

முதலில் தண்ணீரை அளந்து பார். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர். அடியில் 2 அங்குலம் கல், மேலே ஒன்றரை அங்குலம் காலியிடம் போனால் 45 லிட்டருக்குள்தான் நிற்கும். மீன் வளர்ப்பவர்களிடம் இரண்டு கணக்கு உண்டு. 4 லிட்டருக்கு 1 அங்குல மீன் என்பது ஒன்று. அப்படிப் பார்த்தால் உனக்கு 11 அங்குலம். 12 சதுர அங்குல நீர்ப்பரப்புக்கு 1 அங்குல மீன் என்பது இன்னொன்று; 24 × 12 = 288, ஆக 24 அங்குலம். நீ சின்ன கணக்கான 11 அங்குலத்தையே பிடித்துக்கொள்.

காரணம் இதுதான். தண்ணீருக்குள் ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகவே இறங்குகிறது. அதனால்தான் உயரமான தொட்டியில் லிட்டர் கூடினாலும் மீன் கூடுவதில்லை. கழுத்துவரை நிரப்பிய கண்ணாடிக் கிண்ணம் அதைவிட மோசம், நீர்ப்பரப்பே சுருங்கிவிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 33 டிகிரியில் 7 சொச்சம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடும். மே மாத மதியத்தில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால், நெருக்கமான தொட்டியில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மார்கழியில் சுகமாக இருந்த அதே எண்ணிக்கைதான். ஆகவே கோடைக்கு எண்ணி மீன் வாங்கு. இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

அங்குலம் என்பது வாலை விட்டு, முழு வளர்ச்சியில் உள்ள நீளம். கடையில் 2 அங்குலம் இருக்கும் கோல்டு ஃபிஷ் 6 அங்குலம் தாண்டும். நீளம் இரண்டு மடங்கானால் உடம்பு எட்டு மடங்கு, கழிவும் அதற்கேற்றபடி. எனவே இந்தக் கணக்கு 2 அங்குலத்துக்குள் நிற்கிற மீன்களுக்கு மட்டுமே. பேத்தி கோல்டு ஃபிஷ் கேட்டாலும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். பாசி தின்னும் என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் ஏரியில் விட்டால் நாட்டு மீன்களுக்குக் கேடு.

என் தீர்மானம்: கப்பி என்ற சின்ன மீனில் ஆண் எட்டு. ஒன்றேகால் அங்குலம் வீதம் 10 அங்குலம் ஆகிறது. உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரையும் தாங்கும். பெண் ஒன்றுகூடக் கலக்க வேண்டாம். கடையிலேயே சினைப்பட்டு வரும், மாதம் ஒருமுறை ஈனும், உன் கணக்கெல்லாம் போய்விடும். கப்பி பிடிக்காவிட்டால் பிளாட்டி ஐந்து.

எட்டையும் ஒரே நாளில் விடாதே. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. முதலில் மூன்று மீன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகு மூன்று. இரண்டு வாரம் கழித்து மீதி இரண்டு. நடுவில் இரண்டில் ஒன்று லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, ஒரு நாள் தீனியை நிறுத்து.

வாரம் ஒருமுறை 11 லிட்டர் மாற்றினால் போதும். முழுத் தண்ணீரையும் கொட்டாதே. குழாய்த் தண்ணீர் என்றால் வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் வைத்துக் குளோரின் போனபின் ஊற்று. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழி. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். பேத்தியிடம் டப்பாவைக் கொடுக்காதே, ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் கொடு.

உன் போர் தண்ணீரின் பிஹெச் எவ்வளவு என்று பார்த்து எழுது. 8-க்கு மேல் இருந்தால் எட்டு கப்பியை ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்