கப்பு ஏன் சத்தம் போடுதுன்னு கேட்டியே

பாப்பா,

மூணு மாசம் கழிச்சு உன்கிட்ட இருந்து வந்தது நீ களிமண்ணுல செஞ்ச கப்போட போட்டோவும் ஒரு மெசேஜும், "கப்பு ஏன்பா டிங் டிங்னு சத்தம் போடுது"ன்னு, அதுவும் ராத்திரி ரெண்டேகாலுக்கு. சரி, கேட்டதுக்கு பதில் சொல்றேன்.

அது கிளேஸ், அதான் கப்பு மேல பூசுற பளபளப்பு பூச்சு, விரிசல் விடுற சத்தம். சூளையில கிளேஸ் உருகி கண்ணாடியாயிடும், ஆறும்போது மண்ணும் சுருங்கும் கிளேஸும் சுருங்கும், கிளேஸ் கூடுதலா சுருங்குனா இழுவ தாங்காம மயிரிழையா வெடிக்கும். வெளிய எடுத்து பல நாள் கழிச்சும் சத்தம் வரும். மண்ணு நல்ல மண்ணுதான், கிளேஸும் நல்ல கிளேஸுதான், ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கல, அவ்வளவுதான். நான் கப்ப பத்திதான் சொல்றேன். கிளேஸ்ல கொஞ்சம் சிலிக்கா கூட்டச் சொல்லு. அதுல காபி குடிக்காத, விரிசல்ல கறை ஏறும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்காத.

கைப்பிடி கிட்ட கிளேஸ் ஒதுங்கி மண்ணு தெரியுதே, அது பெரும்பாலும் கை எண்ணெய்தான். கிளேஸ் பூசாம முதல்ல சுட்டத, பிஸ்கட்னு சொல்வோமே, அத கையால தொட்டா ஈர ஸ்பாஞ்சால தொடச்சிட்டுதான் கிளேஸ்ல முக்கணும்னு, பீங்கான் ஃபியூஸ் கேரியர் அடுக்கும்போது எட்டு வயசுலயே உனக்கு சொல்லிருக்கேன், மறந்துட்ட.

செவப்பு கேட்டு பச்சை வந்துச்சுன்னும் எழுதிருக்க. காப்பர்தானே? கரண்ட் சூளையில காத்து தாராளமா இருக்கும், பச்சைதான் வரும். கேஸ் சூளையில புகைபோக்கிய அடைக்கிற டேம்பர மூடி காத்த கொறச்சா, நெருப்பு காப்பர்ல இருக்குற ஆக்சிஜன புடுங்கிக்கும், அப்பதான் செவப்பு. 900 டிகிரியில எட்டிப் பாத்தாலும் கிளேஸ் வெறும் பொடி அப்புன மாதிரிதான் இருக்கும், 1,200 தாண்டணும், சூடு தெரிய உள்ள வெக்கிற கோன் நுனி மெல்ல தல சாயும், சாமான் மேல தண்ணி தெளிச்ச மாதிரி ஒரு மினுமினுப்பு வரும் பாரு, முப்பத்திரண்டு வருஷம் பாத்தும் எனக்கு அலுக்கல. ஆறவிட்டுதான் தெறக்கணும், அவசரப்படாத. எதுலயுமே அவசரப்படாத.

கம்ப்யூட்டர் தட்டுற கை களிமண்ண தொட்டுடுச்சுன்னு டீக்கடையில எல்லார்கிட்டயும் காட்டுனேன். பொங்கலுக்கு ஏன் வரலன்னு ஒருத்தர் கேட்டாரு, என்னத்த சொல்றது.

போட்டோவுல பின்னாடி தெரியுற ஜன்னல் உங்க வீட்டு ஜன்னல் இல்லன்னு அம்மா சொல்றா. மண்ணு வேலை கத்துக்குற கிளாஸ்ல எடுத்ததா இருக்கும்னேன். ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன கிளாஸுங்கறா.

ஐப்பசியில நீ போன் பண்ணி "ஒரு வாரம் வந்து இருக்கவாப்பா"ன்னு கேட்டப்ப, "மாப்ளயும் வர்றாரா"ன்னுதான் என் வாயில வந்துச்சு. நீ கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் வேலை இருக்குன்னு வெச்சிட்ட. நான் திரும்பக் கூப்பிட்டிருக்கணும். தெரிஞ்சேதான் கூப்பிடல, தெரிஞ்சுக்க பயமா இருந்துச்சு. இத அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

கப்ப தூக்கிப் போடாத, கொண்டு வா. ஒதுங்குன எடத்துல சூடு காட்டி மறுபடி கிளேஸ் பூசி சுட்டா மூடிக்கும், சிலது மூடாது, கையில வெச்சு பாத்தாதான் சொல்ல முடியும். எந்த ட்ரெயின்னு மட்டும் சொல்லு, விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வண்டிய எடுத்துட்டு வரேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அம்மா கேப்பா, அவள நான் பாத்துக்கறேன்.

அப்பா