நிறுவியவர் எல்லாம் தைசூ அல்லர்

அன்புள்ள முருகேசா,

கடிதமும் சீனப் பேரரசர் பட்டியலும் கிடைத்தன. பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கியது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் கோயில் பெயர்ப் பத்தியை மறுபடி பார். வம்சத்தை நிறுவியவர் எல்லோருக்கும் 'தைசூ' என்று நிரப்பியிருக்கிறாய். அது பாதிதான் சரி.

மன்னர் மறைந்தபின், குலமுன்னோர் கோயிலில் வழிபடுவதற்காகச் சூட்டும் பெயர்தான் கோயில் பெயர். இரண்டே சீன எழுத்து. முடிவில் 'சூ' வந்தால் குலத்துக்கு அடிகோலியவர்; 'சோங்' வந்தால் வழிவந்து காத்தவர். வெய் வம்சத்து சாவ் ருய்க்கு மட்டும் 237இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, 'லியேசூ' என்று முடிவு செய்துவிட்டார்கள். இறந்தது 239இல். முறைகேடு என்று பின்னாளில் கண்டித்தார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஹான் வம்சத்து லியு பாங்கைத்தான் பலரும் தவறாக எழுதுகிறார்கள். கி.மு. 195இல் அவர் இறந்தபோது கொடுத்த கோயில் பெயர் தைசூ, புகழ்ப்பெயர் (மறைந்த மன்னரின் சிறப்பைச் சொல்லிச் சூட்டும் பெயர்) 'காவோ'. இரண்டையும் கலந்து வரலாற்றாசிரியர் சிமா சியான் தன் நூலில் 'காவோசூ' என்று எழுத, அதுவே நிலைத்துவிட்டது. தாங் வம்சத்து லீ யுவானோ உண்மையிலேயே காவோசூ. 618இல் ஆட்சியை நிறுவியவர் அவர்தான். ஆனால் தைசூ என்ற பெயர், அரியணையே ஏறாத அவர் பாட்டனார் லீ ஹூவுக்குப் போய்விட்டது. 960இல் சாங் வம்சத்தை நிறுவிய ஜாவ் குவாங்யினிடம் இந்தக் குழப்பம் இல்லை, அவர் தைசூதான்.

யுவான், சிங் இரண்டிலும் ஆண்டுகளைக் கவனி. யுவான் தைசூ செங்கிஸ் கான், 1227இல் இறந்தார். வம்சத்துக்கு 'யுவான்' என்ற பெயரை 1271இல் வைத்தவர் பேரன் குப்லாய், அவர் ஷீசூ. சிங் தைசூ நூர்ஹாசி 1626இல் இறந்தார். 'சிங்' என்ற பெயர் வந்தது 1636இல். எனவே 'நிறுவியவர்', 'தைசூ' இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடு.

சூட்டிய பெயரும் மாறும். மிங் வம்சத்து ஜூ தி 1424இல் மறைந்ததும் தைசோங் ஆனார். 1538இல் அதே வம்சத்துப் பேரரசர் ஜியாஜிங், ஆட்சியே செய்யாத தன் தந்தைக்கு 'ருய்சோங்' என்று சூட்டிக் கோயிலில் இடம் கொடுத்தார். அதே ஆண்டில்தான் ஜூ தியை 'செங்சூ' என்று உயர்த்தினார். அதற்கு முந்தைய ஏடுகளில் 'மிங் தைசோங்' என்று கண்டால் வேறொரு மன்னர் என்று எண்ணிவிடாதே.

எந்தப் பெயருக்கும் முன்னால் வம்சப் பெயர் கட்டாயம் வேண்டும். வெறும் 'தைசூ' பலரைக் குறிக்கும். தலைப்பில் ஹான் முதல் சுய் வரை புகழ்ப்பெயர், தாங் முதல் யுவான் வரை கோயில் பெயர், மிங், சிங் இரண்டுக்கும் ஆட்சிக்காலப் பெயர் (ஆட்சியாண்டுகளை எண்ண மன்னர் வைக்கும் பெயர்) என்று வைத்துக்கொள். முன் ஹானில், அதாவது ஹான் ஆட்சியின் முற்பகுதியில், கோயில் பெயர் நிலைத்தது நால்வருக்குத்தான்; தாங் காலத்தில் புகழ்ப்பெயர்கள் வாயில் நுழையாத அளவு நீண்டுவிட்டன. அதனால்தான் இந்த வழக்கு.

திருத்திய படி வந்ததும் ஜின் வம்சத்து சிமா குடும்பத்தைப் பார்ப்போம். அங்கே பாட்டன் காவோசூ, தந்தை தைசூ, அரியணை ஏறிய மகன் ஷீசூ.

அன்புடன்,
சுந்தரம்