டைனோசர் இல்லாட்டி என்ன, எங்கட கிணத்துக் கல்லு இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில டைனோசர் கட்டுரை வடிவா இருந்தது, பேத்தி படத்தை வெட்டி கொப்பியில ஒட்டி வச்சிருக்கிறா. ஆனா கடைசியில எங்கட நாட்டில அப்பிடி ஒண்டும் கிடைக்காது எண்ட மாதிரி கவலைப்பட்டு முடிச்சிருந்தீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

இலங்கையில பத்தில ஒன்பது பங்கு பூமிக்கு அடியில வெந்து உருமாறின பழைய பாறை, அதுக்குள்ள எலும்பு தேடுறது வீண்வேலைதான். யாழ்ப்பாணம் வேற கதை. நான் சின்னப் பெடியனா இருக்கேக்க எங்கட வளவில கிணறு வெட்டினவை, அலவாங்குக்கு அசையாம வெடி வச்சுத்தான் உடைச்சது. மேல வந்த வெள்ளைக்கல்லு ஒண்டில பருப்பை பதிச்சு வச்ச மாதிரி சின்னச் சின்ன வட்டம். அப்பு பாத்திட்டு "இது கடல் கிடந்த இடமடா" எண்டார், அந்தாள் படிச்சது அஞ்சாம் வகுப்பு, சொன்னது சரி. அந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலடி, டைனோசர் எல்லாம் அழிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு படிஞ்சது.

அந்தக் கல்லில கிடக்கிற சின்னனுகளில முக்கியமானது ஃபொராமினிஃபெரா, வாய்க்குள்ள நுழையாது, ஃபொராம் எண்டே எழுதுறன். ஒரே ஒரு கலம், அது தனக்கு சுண்ணாம்பில ஓடு கட்டி வாழும், கனக்க மணல் துகள் அளவுதான். பிரமிட் கல்லிலயும் இதில பெரிய சாதி ஒண்டு இருக்கு, ஸ்ட்ராபோ எண்ட கிரேக்கர் 2000 வருசத்துக்கு முந்தி அங்க போனபோது கூலியாக்கள் சாப்பிட்டு மிஞ்சின பருப்பு கல்லாப்போச்சு எண்டு சனம் சொன்னதை எழுதி வச்சிருக்கிறார். நான் மட்டும் பருப்பு எண்டு நினைக்கேல்ல!

எலும்புக்கூடு கிடைக்கிறது லொத்தர் விழுற மாதிரி, ஆனா கடலடியில குழாய் இறக்கி எடுக்கிற சேத்தில ஃபொராம் குவிஞ்சு கிடக்கும், ஒரு சாண் அகலமும் இல்லாத குழாய்க்குள்ள டைனோசர் தொடையெலும்பு வருமோ? இன்னொண்டு, டைனோசருக்கு என்ன நடந்தது எண்டு சொல்லித் தந்ததிலயும் இதுக்குப் பங்கிருக்கு. இத்தாலியில குபியோ எண்ட இடத்துச் சுண்ணாம்புக்கல்லில கீழ்ப்படையில பெரிய ஃபொராம் நிறைய, நடுவில ஒரு விரல் தடிப்புக் களிமண், மேல பாத்தா துளித்துளியா ஒண்டிரண்டு இனம் மட்டும். அந்தக் களிமண்ணிலதான் அல்வரெஸ் எண்ட விஞ்ஞானிகள், தகப்பனும் மகனும், ஆக்களோட சேந்து விண்கல்லில கனக்க இருக்கிற இரிடியம் எண்ட உலோகத்தைக் கண்டு, விண்கல்லு மோதித்தான் டைனோசர் அழிஞ்சது எண்டு 1980ல எழுதினவை. டைனோசர் காலம் முடிஞ்ச எல்லை எங்க எண்டு கல்லில காட்டினது இந்தச் சின்னனுகள்தான்.

பழைய பனிக்காலத்தையும் ஃபொராம் ஓடு சொல்லும். கடல்தண்ணியில பாரம் குறைஞ்ச ஒட்சிசனும் இருக்கு, பாரமானதும் இருக்கு. பாரம் குறைஞ்சது உள்ள தண்ணி லேசா ஆவியாகும், பனிக்காலத்தில அது தரையில பனிக்கட்டியா உறைஞ்சு நிண்டிடும், கடலில பாரமானதின்ர பங்கு கூடும், அந்த நேரம் கட்டின ஓட்டிலயும் அப்பிடியே பதிஞ்சிடும். ஓட்டை அளந்தா அண்டைக்கு உலகத்தில எவ்வளவு பனி எண்டு கணக்குப் போடலாம். கிட்டத்தட்ட 20,000 வருசத்துக்கு முந்தி கடல் இப்ப இருக்கிறதை விட 120 மீற்றர் அளவு கீழ, பாக்குநீரிணை காஞ்ச தரை, மன்னாரில இருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் இல்லாம நடந்தே போகலாம்!

சுனாமியும் அப்பிடித்தான். இந்தோனேசியாவில அச்சேயில கரையோரக் குகை ஒண்டில வௌவால் எச்சத்துக்கு நடுவில மணல் படை படையா இருக்கு, அதுக்குள்ள கடலடி ஃபொராம் இருந்தபடியாத்தான் அது கடல் கொண்டு வந்து போட்டது எண்டு பிடிச்சவை. அப்பிடி 11 சுனாமி, மிகப் பழையது 7,000 வருசத்துக்கும் மேல. 2004ல சுனாமி எண்ட சொல்லே எங்கள்ல கனபேருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில இதுக்கும் கொஞ்சம் இடம் தாங்கோ. படத்துக்கு அலைய வேண்டாம், அந்தக் கிணத்துக் கல்லு இங்க கொழும்பிலயும் என்னோடதான் இருக்கு, பேப்பர் பறக்காம மேல வச்சிருக்கிறன். கந்தோருக்கு கொண்டுவாறன், படம் எடுத்திட்டு அண்டைக்கே திருப்பித் தந்திடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06