செயலாளர் ஆண்டறிக்கை: செயற்கை இரையோடு நமது முதல் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உயிர் இரையை ஒதுக்கிவைத்து, கரையோர உப்புநீரில் செயற்கை இரையும் மெல்லிய தூண்டிலும் கொண்டு மீன் பிடிக்கப் பழகுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அது நடந்த விதம்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

தொடக்கத்தில் தடுமாறினோம். பாப்பர், ஸ்பூன், மின்னோ என்று பலவகைச் செயற்கை இரைகளை ஆளாளுக்கு வாங்கிப் பெட்டியை நிரப்பி, பத்து வீச்சுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தோம். மீன் கடிக்காவிட்டால் இரையின் மேல்தான் பழி. பிறகு செயற்குழு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: மூன்று மாதத்துக்கு எல்லோருக்கும் ஒரே இரை. 7 கிராம் ஜிக் தலை (ஈயக் குண்டு பதித்த முள்), அதில் 3 அங்குல ரப்பர் மீன். நிறம் மட்டும் அவரவர் விருப்பம். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் இந்த ஆண்டு நாம் செய்ததில் உருப்படியான காரியம் அதுவே என்பது என் உறுதியான எண்ணம். இரையை மாற்ற வழியில்லை என்றானதும் எல்லோரும் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினோம்.

வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், ஓடை வடியும்போது குஞ்சு மீனும் இறாலும் தண்ணீரோடு வெளியே வரும். வேட்டை மீன் ஓட்டத்தைப் பார்த்தபடி, கல் மறைவிலோ மணல் திட்டு சரியும் விளிம்பிலோ காத்து நிற்கும். அதனால் ஓட்டத்தின் மேற்பக்கம் வீசி, இரையைத் தண்ணீர் போகும் போக்கிலேயே இறங்கி வரவிட வேண்டும். பெரும்பாலான கடி ஜிக் கீழே விழும்போதுதான் வந்தது. தூண்டில் நரம்பைத் தொய்ய விட்டால் அது தெரியாது. லேசான பிடிப்போடு இறக்கினால் கையில் 'டக்' என்று ஒரு தட்டு. சில நேரம் தட்டுகூட இருக்காது, நரம்பு பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். தண்ணீர் அசையாமல் நிற்கும் வேளையில் வீசுவதைவிட முடிச்சுப் போட்டுப் பழகுவது நல்லது.

முடிச்சு பற்றி என் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்கிறேன். கரைக்கு அருகே வந்த நல்ல கொடுவா ஒன்றை இழந்தேன். இரைக்கு முன்னால் கட்டும் தனி நரம்பான லீடரின் நுனி பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. நரம்பு அறுந்திருந்தால் அப்படிச் சுருளாது. நான் போட்ட முடிச்சு நழுவியிருக்கிறது. அன்று முதல் ஒவ்வொரு முடிச்சையும் எச்சிலால் நனைத்து இறுக்கி, இழுத்துப் பார்த்த பிறகே வீசுகிறேன்.

சங்கத்தின் இரவல் செட்டுகள் எல்லாம் 7 அடி கழி, 2500 அளவு ரீல் (நரம்பு சுற்றும் உருளை), 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியான டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வைத்தால் போதும். பிரெய்டு சிக்கு விழுவதாகப் பலர் சொன்னீர்கள். வீசியதும் ரீலின் கம்பி வளையமான பெயிலைக் கையால் மூடி, தொய்வை இழுத்துவிட்டுச் சுற்றியவர்களுக்கு அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

விபத்து ஒன்று. துள்ளிய மீனின் வாயிலிருந்த மூமுள் (மூன்று கொக்கி கொண்ட முள்) ஓர் உறுப்பினரின் விரலில் ஏறிவிட்டது. மருத்துவர்தான் எடுத்தார், இப்போது நலம். அதன் பிறகு மூமுள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுவது, அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குவது, கண்ணாடி அணிவது மூன்றும் கட்டாயமாக்கப்பட்டன. எதிர்முள் இல்லாவிட்டால் மீன் தப்பும் என்ற அச்சம் வேண்டாம். நரம்பு தொய்யாமல் இருந்தால் போதும். விடுவிப்பதும் எளிது.

விடுவிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் தாய் மீன்களே. கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, உடனே தண்ணீரில் விடுங்கள். இதைத் தீர்மானமாகவே இன்று முன்வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் நமது பயணங்கள் விடுமுறையைப் பார்த்து அல்ல, வற்ற நேரத்தைப் பார்த்து அமையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுவாக இருப்பதால் முதல் பயணம் அமாவாசைக்கு மறுநாள் விடியலில். இரவல் செட்டு வைத்திருப்பவர்கள் அதற்குள் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, டிராக்கைத் தளர்த்தி ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்